பிறர் வீட்டுச் சாவில் என் தங்கை

என் தங்கையின் மகன் இறந்து கிடந்தபோது அவள் அழுவதற்கு வாயைத் திறந்தாள். நான் என் கையால் அந்த வாயைப் பொத்தினேன். சந்து நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொத்தினேன். அப்போது எனக்கு வயது அறுபத்தொன்பது. அறியாத வயது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

தாராவியில், தொண்ணூறு அடி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து அது. தங்கையின் வீடு ஒற்றை அறை. அதற்குள் உடலை வைத்தால் ஆட்கள் நிற்க இடமிருக்காது என்று வெளியில் சந்திலேயே கிடத்தியிருந்தார்கள். அவனுக்கு இருபத்தேழு வயது. ஐரோலியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. ஐந்து நாள் காய்ச்சல். ஆறாம் நாள், திங்கட்கிழமை காலையில், ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். தங்கையின் கணவர் அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே போய்விட்டார். அவளுக்கு இருந்தது அவன் ஒருவன்தான்.

எங்கள் ஆட்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் தங்கியவர்கள். சாவு வீட்டில் பெண்கள் அழும் முறை எங்களிடம் ஒன்று உண்டு. வருகிறவள் சந்து முனையிலேயே குரலெடுப்பாள். உடலைச் சுற்றிப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, தலையோடு தலை சேர்த்து அழுவார்கள். இறந்தவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிற மாதிரிதான் அந்த அழுகை இருக்கும். என்ன சாப்பிட்டான், எதற்குப் பயந்தான், யார் உதவினார்கள், யார் கைவிட்டார்கள், எல்லாம் அதில் வரும். சாதாரண நாளில் யாரும் யாரிடமும் நேராகச் சொல்லாததை அந்த வட்டத்துக்குள் சொல்லிவிடலாம். கேட்பவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அதுதான் வழக்கம்.

நான் படித்தவன். தாராவியில் பிறந்து, உதவித்தொகையில் எம்.ஏ. வரை படித்து, மும்பைக் கோட்டைப் பகுதியில் ஒரு அலுவலகத்தில் அதிகாரியாக ஓய்வு பெற்று, செம்பூரில் வீடு வாங்கியவன். கல்லூரி நாட்களில் மராத்தி நண்பர்களோடு சேர்ந்து பௌத்தம் தழுவினேன். தங்கை வீட்டில் புத்தர் படத்தை நான்தான் மாட்டினேன். பக்கத்திலிருந்த அம்மன் படத்தை எடுக்கச் சொன்னேன். அண்ணன் சொல்கிறாரே என்று எடுத்துவிட்டாள்.

அன்று என் நண்பர்கள் வெள்ளை உடுத்தி, மெழுகுவர்த்தியோடு வந்து வரிசையாக நின்றார்கள். பாலி மொழியில் சரணம் சொல்லத் தொடங்கவிருந்தார்கள். அப்போது மான்குர்த்திலிருந்தும் முலுண்டிலிருந்தும் உறவுக்காரப் பெண்கள் குரலெடுத்துக்கொண்டு வந்தார்கள். நான் ஓடிப்போய் சந்து முனையில் மறித்தேன்.

"சத்தம் போட்டு அழாதீங்க. இது பௌத்த வீடு. அமைதியா உக்காருங்க."

"என்ன அண்ணாச்சி சொல்லுதிய? எளவு வீட்டுல அழாம, பின்ன சினிமா கொட்டாய்லயா போயி அழ?" என்றாள் முன்னால் வந்த ஒருத்தி.

"சொன்னா கேளுங்க."

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி தங்கையின் தோளில் கை போட்டாள். அந்தக் கை பட்டதும்தான் தங்கைக்கு எல்லாம் உறைத்திருக்க வேண்டும். மகன் முகத்தைப் பார்த்தாள்.

"எய்யா... எம்மவனே... சனிக்கிழம காலையில நீ..."

அவ்வளவுதான் வந்தது. குனிந்து என் கையை அவள் வாயில் வைத்து அழுத்தினேன். "எதுவும் நிலையில்லம்மா. ஏத்துக்கோ. நீ அழுதா அவன் போற வழிக்குத் தடை" என்று காதில் சொன்னேன்.

என் விரல்களுக்கு மேலே அவள் கண்கள் தெரிந்தன. அவற்றில் கோபம் இல்லை. முன்பின் தெரியாத ஒருவன் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் ஒரு பெண் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். கையை எடுத்தேன். அதன்பின் அவளிடமிருந்து சத்தமே வரவில்லை. உடலைத் தூக்கும்போதும் வரவில்லை.

நான் பெருமைப்பட்டேன். இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். மாட்டுங்காவில் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் தமிழில் தியான வகுப்பு நடத்தி வந்தேன். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள் வருவார்கள். மனத்தில் எழும் கோபத்தையும் துயரத்தையும் விலகி நின்று எப்படிக் கவனிப்பது என்று சொல்லிக்கொடுப்பேன். அங்கே தங்கையை உதாரணமாகக் காட்டினேன்.

"எட்டாம் வகுப்பு படித்தவள். பர்ஸுக்கு ஜிப் தைத்துப் பிழைக்கிறவள். ஒரே மகனைக் கொடுத்துவிட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நாம் படிப்பதை அவள் வாழ்கிறாள்."

"மெய் சிலிர்க்கறது சார்" என்றார் ஒருவர்.

அன்று ஏதோ காகிதத்தில் என் கையெழுத்து வாங்க வந்த தங்கை, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். மகிழ்வாள் என்று நினைத்தேன். வகுப்பு முடிவதற்குள் எழுந்து போய்விட்டாள். காகிதத்தைப் பிறகு தபாலில் அனுப்பினாள்.

ஒன்றரை வருடம் போனது. என்னிடம் வேலை பார்த்த ஒருவரின் தாயார் மான்குர்த்தில் இறந்துபோனார். எண்பது தாண்டிய கிழவி. துக்கம் கேட்க முற்பகலில் ஹார்பர் லைன் ரயில் பிடித்துப் போனேன். ஆண்கள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். யாரோ தேநீர் கொடுத்தார்கள். உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். பல குரல்கள். அவற்றில் ஒரு குரல் மேலே ஏறி வந்தது.

"முட்டு வலிக்குமேன்னு முழிச்சிருந்து தைலம் தேச்சியே எய்யா...
ஐரோலி பஸ்ஸுக்கு அவசரமா ஓடயில
அவிச்ச முட்ட பாதிய தட்டுல வச்சிட்டுப் போனியே..."

தேநீர் என் வேட்டியில் கொட்டியது. எண்பது வயதுக் கிழவி ஐரோலி பஸ்ஸுக்கு ஓடவில்லை. அந்தக் குரலை நான் பிறந்த வீட்டிலிருந்து அறிவேன். ஆனால் அது அப்படி உடைந்து கேட்டதில்லை.

பக்கத்து நாற்காலிக்காரர் கைக்குட்டையை நீட்டினார். "யாரு சார் அழுவறதுன்னு பாக்கியளா? தாராவிக்கார அம்மா. இங்க சொந்தம்னு ஒண்ணும் கிடையாது. நம்ம ஊர்ச் சங்கத்து வாட்ஸப்புல சாவு மெசேஜ் வந்தாப் போதும், எங்கன்னாலும் வந்துரும். எங்க அம்மா செத்தப்பவும் வந்துச்சு. எல்லாரையும் அழ வச்சிரும்."

"ஏன் வர்றாங்க?" என்று கேட்டேன்.

"மவன் செத்தப்ப அழ விடலியாம், வீட்டாளுக. வாயப் பொத்துனானாம் ஒருத்தன். என்ன ஜென்மமோ. சோறுதான் திங்கானா என்னன்னு தெரியல."

அந்த ஒருத்தன் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. எழுந்தேன். கால் தானாக வாசலுக்குப் போனது. உள்ளே வட்டத்தின் நடுவில் என் தங்கை தலைவிரிகோலமாக இருந்தாள். இரண்டு பக்கமும் தெரியாத பெண்கள் அவள் தோளில் கை போட்டிருந்தார்கள். அந்தக் கிழவியின் முகத்தைப் பார்த்து அவள் தன் மகனோடு பேசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். பாதி வரியில் குரல் நின்றது. சேலைத் தலைப்பை இழுத்துத் தன் வாயில் தானே அடைத்துக்கொண்டாள்.

நான் யாரிடமும் சொல்லாமல் வெளியேறி மான்குர்த் நிலையத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். வண்டிகள் வந்தன, போயின. ஏறத் தோன்றவில்லை. என்னைத் தாக்கியது அவள் அழுதது அல்ல. என்னைக் கண்டதும் அவள் நிறுத்தியது.

முப்பது வருடங்களாக நான் பிறருக்குச் சொல்லி வந்ததை அந்தப் பெஞ்சில் திரும்ப நினைத்துப் பார்த்தேன். புத்தர் முதலில் சொன்னது துக்கம் இருக்கிறது என்பதுதான். துக்கப்படாதே என்று அவர் சொல்லவில்லை. அதை முழுவதுமாக அறிந்துகொள் என்றார். அறிவதற்கு முன்னால் அது வெளியே வந்தாக வேண்டும்; யாராவது அதன் பக்கத்தில் உட்கார வேண்டும். தாராவியின் படிக்காத பெண்கள் தோளில் கை போட்டு அதைத்தான் செய்ய வந்தார்கள். நான் சந்து முனையில் அவர்களை மறித்தேன். சமநிலையும் அலட்சியமும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும், ஜாக்கிரதை என்று வகுப்பில் எத்தனையோ முறை எச்சரித்திருக்கிறேன். என்னிடம் இருந்தது எது என்று ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அன்று நான் அவளை அடக்கியது புத்தரின் தம்மத்துக்காக அல்ல. வெள்ளை உடுத்தி நின்ற நண்பர்கள் முன்னால் எங்கள் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுவது எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போது அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. வெட்கத்துக்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அதற்கு வருகிறேன்.

மறுநாள் தாராவிக்குப் போனேன். தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். மடி நிறைய ஜிப்புகள்.

"வாங்க. டீ போடவா?"

"நேத்து..."

"ம், பாத்தேன்."

"நான் செஞ்சது பெரிய தப்பு தாயி. மன்னிச்சிரு."

இயந்திரத்தை நிறுத்தாமல் கேட்டாள். "எது தப்பு?"

"அன்னைக்கு உன்ன அழவிடாமப் பண்ணுனது."

"அதுல என்ன தப்பு? ஒங்க கிளாஸ்ல சொன்னியள, எந்தங்கச்சி ஒரு சொட்டு விடலன்னு. நெசந்தான? நாலு பெரிய மனுசங்க கேட்டு சந்தோசப்பட்டாவல்லா."

அன்று வந்திருந்த பெண்கள் எல்லோரையும் நானே போய்க் கூப்பிடுகிறேன், அவர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன், இப்போது அவர்களோடு உட்கார்ந்து அழு என்றேன். அவள் சிரித்தாள். வெகுநாளுக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்த்தேன்.

"தேதி போட்டு அழணுமாக்கும். பந்தலு மைக்கு எல்லாம் உண்டா? மண்டபம் மாட்டுங்கால பிடிப்பியளா, செம்பூர்லயா?"

"விளையாடாதம்மா."

இயந்திரம் நின்றது. "எண்ணே, அன்னைக்கு அவன் கெடந்தான். மொகம் இருந்துச்சு. அந்த மொகத்தப் பாத்து நாலு வார்த்த சொல்லணும்னு இருந்துச்சு. இப்ப செவுத்தப் பாத்துச் சொல்லவா? அதுக்குத்தான் ஊர் ஊராப் போறேன். யாரு மொகமா இருந்தா என்ன, ஒரு மொகம் வேணும்லா?"

எழுந்து டீ போட்டுத் தந்தாள். டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் நடந்ததை எல்லாம் அப்படியே சொன்னேன். உதாரணமாக நான் காட்டிய தங்கை எங்கே போய் அழுகிறாள் என்பதையும் சொன்னேன். சிலர் சங்கடத்தோடு கடிகாரத்தைப் பார்த்தார்கள். "இதெல்லாம் பர்சனல் சார், இங்கே வேண்டாமே" என்றார் ஒருவர். எல்லோரும் எழுந்த பிறகு ஓர் அம்மாள் மட்டும் நின்றார். கணவரை இழந்து மாட்டுங்காவில் தனியாக இருப்பவர்.

"அவர் போனப்போ நீங்க சொன்னேள். கவனிச்சுண்டே இருங்கோ, தானாப் போயிடும்னு. பதினாலு மாசமா கவனிச்சுண்டிருக்கேன் சார். போகலை. எனக்குத்தான் சரியாப் பண்ணத் தெரியலைன்னு நினைச்சுண்டேன்."

நான் காயப்படுத்தியது ஒரு பெண்ணை மட்டும் அல்ல என்று தெரிந்தது. அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அன்றோடு வகுப்பை நிறுத்தினேன்.

பிறகு தங்கையிடம், நீ போகும் சாவு வீடுகளுக்கு நானும் வருகிறேன் என்றேன்.

"ஆம்பளைக வெளியதான் இருப்பாவ. இருக்கதுன்னா இருங்க. ஆனா யாருக்கும் உபதேசம் பண்ணப்புடாது, ஆமா."

போனேன். மகளிர் பெட்டியில் அவள், ஆண்கள் பெட்டியில் நான். முதல் இரண்டு வீடுகளில் என் காதுக்கு எட்டும் இடத்தில் அவள் குரலை அடக்கியே அழுதாள். மூன்றாவது வீடு முலுண்டில். அடுக்குமாடி. கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் உடலை வைத்திருந்தார்கள். நான் ஒரு தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். நான் இருப்பதை மறந்துவிட்டாள் போலும்.

"சனிக்கிழம காலையில மாமாவக் கேப்போம்மான்னு
நடுங்குன கையால நம்பரு போட்டியே எய்யா...
மணி அடிச்சு ஓஞ்சுதே, மாமா தியானத்துல இருப்பாவன்னு
மறுபடி கூப்பிடாம மரியாதையா வச்சியே..."

இதுவரை நான் எழுதாமல் விட்டது இதுதான். அந்தச் சனிக்கிழமை காலை அவன் அழைத்தது எனக்குத் தெரியும். நான் தியானத்தில் இல்லை. செய்தித்தாளில் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தேன். திரையில் அவன் பெயரைப் பார்த்தேன். ஏதாவது உதவி கேட்பான், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். அப்புறம் பேசவில்லை. எனக்குப் பழக்கமான டாக்டர் ஒருவர் உண்டு. அவரிடம் சொல்லி வேறு ஆஸ்பத்திரியில் சேர்க்கத்தான் கேட்டிருப்பான். சேர்த்திருந்தால் பிழைத்திருப்பானா, தெரியாது. அந்த அழைப்பு அவனுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்தது என்று நினைத்திருந்தேன். அவன் போய்விட்டதால் எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன். சந்தில் தங்கை "சனிக்கிழம காலையில நீ" என்று தொடங்கியதும் என் கை ஏன் அத்தனை வேகமாகப் போனது என்று முலுண்டின் அந்தத் தூணுக்குப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அந்த வட்டத்துக்குள் எது வேண்டுமானாலும் சொல்லப்படலாம் என்பது எனக்குத் தெரியாததா? வெட்கத்துக்கும் அடியில் இருந்தது பயம்.

முலுண்ட் நடைமேடையில் அவளிடம் சொன்னேன்.

"அன்னைக்கு அவன் கூப்பிட்டப்ப நான் தியானத்துல இல்ல."

"பின்ன?"

"குறுக்கெழுத்து போட்டுக்கிட்டு சும்மாதான் இருந்தேன். அவன் பேரப் பாத்தேன். எடுக்கல."

"பாத்தியளா?"

"பாத்தேன்."

பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டாள். நான் கை நீட்டினேன், விலகினாள். வண்டி வந்தது, ஏறினாள். தாராவிக்குப் போக சயானில் இறங்கிக் கூட்டத்தோடு போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதன்பின் ஐந்து வாரம் நான் போன் செய்தால் எடுக்கவில்லை. நேரில் போனால் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது; உள்ளே இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. அவளுடைய மகன் கடைசியாக என்னைப் பற்றி நம்பிய நல்லதையும் நான் அவளிடமிருந்து பிடுங்கிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்க வேண்டுமோ என்று பல நாள் யோசித்தேன். இன்றும் நிச்சயமாகத் தெரியவில்லை.

ஆறாவது வாரம், ஒரு ஞாயிறு பிற்பகல், செம்பூரில் எங்கள் வீட்டு மணி அடித்தது. என் மனைவி கதவைத் திறந்தாள். தங்கை நின்றிருந்தாள்.

"மதினி, கொஞ்சம் தள்ளுங்க."

நேராக வந்து நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தாள். தொடங்கினாள். முதலில் திட்டுதான். குறுக்கெழுத்துப் போடுகிற கையைத் திட்டினாள், படிப்பைத் திட்டினாள், என்னைப் படிக்க வைக்கத் தான் படிப்பை நிறுத்தியதைச் சொன்னாள். பிறகு அது மெல்ல அழுகையாக மாறியது. எய்யா எய்யா என்று மகனைக் கூப்பிட்டாள். அவன் பிறந்தது, நடந்தது, இங்கிலீஷ் வராமல் இண்டர்வியூவுக்குப் பயந்தது, கடைசி ராத்திரி தண்ணீர் கேட்டது என எல்லாவற்றையும் என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அவற்றில் பாதி எனக்குத் தெரியாதவை. நான் எதையும் விலகி நின்று கவனிக்கவில்லை. கேட்டேன். என் மூக்கும் கண்ணும் ஒழுகின. துடைக்கவில்லை.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. என் மனைவி எங்கள் கதவைச் சாத்தப் போனாள். இருக்கட்டும் என்று கைகாட்டினேன். மாடியிலிருந்து கட்டடத்தின் செக்ரட்டரி இறங்கி வந்து வாசலில் நின்றார்.

"கியா ஹுவா அங்கிள்?"

என்ன நடந்தது என்று கேட்கிறார். என் தங்கையின் மகன் இறந்துவிட்டான் என்று ஹிந்தியில் சொன்னேன்.

"அரே! கப்?"

எப்போது என்கிறார். இரண்டு வருடம் ஆகிறது என்றேன். அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் அங்கேயே நின்றார். பிறகு போய்விட்டார்.

முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எழுந்து முகம் கழுவினாள். "மதினி, சோறு இருக்கா?" என்றாள். மனைவி சோறும் ரசமும் வைத்தாள். நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கூடிப்போச்சு" என்றாள். அவள் போன பிறகு மனைவி சொன்னாள், மகன் போனதிலிருந்து எந்தச் சாப்பாட்டைப் பற்றியும் அவள் எதுவும் சொன்னதில்லை என்று.

மன்னித்தாளா என்றால், மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. மான்குர்த்துக்கும் முலுண்டுக்கும் இன்னும் போகிறாள். வாங்க என்று சொல்கிற நாள் நான் போய் வெளியே நாற்காலியில் உட்காருகிறேன். "இன்னைக்கு வேண்டாம், வராதிய" என்று சொல்கிற நாள் போவதில்லை.